உண்ணியின் விந்தணுவுக்கு வால் இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வீட்டு நாய்களைப் பிடிக்கும் உண்ணிகள் குறித்துத் தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொழும்பில் நாய் வளர்ப்போருக்குப் பயன்படும் விடயமொன்றை எடுத்துக்கொண்டமைக்காகத் தங்களைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால், அக்கட்டுரையின் நடுவே உண்ணியின் இனப்பெருக்கத்தை விளக்கும் ஒரு பத்தியும் அதனருகே ஒரு படமும் இருந்தன. அப்பத்தி உண்ணியைப் பூச்சி என்றது. ஆண் உண்ணி ஏனைய பூச்சிகளைப் போலவே பெண்ணின் உடலுக்குள் விந்தைச் செலுத்துகிறது என்றது. படத்திலோ வாற்பேத்தைகள் போல வாலாட்டிக்கொண்டு விந்தணுக்கள் முட்டையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தன. முடிவில், வாரத்துக்கு ஒரு முறை நாயைக் குளிப்பாட்டி, அகப்படும் உண்ணிகளைப் பிடுங்கி எறிந்தால் போதும் என்ற அறிவுரையும் தரப்பட்டிருந்தது. உயர்தர வகுப்புகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்மொழி மூலம் விலங்கியல் கற்பித்தவன் என்ற உரிமையில், அந்த இறுதி அறிவுரை பிழையாகிப்போனதற்கு முன்னைய பிழைகளே காரணம் என்று சொல்ல விரும்புகிறேன். பெண் உண்ணியின் உடலுக்குள் விந்தணு எவ்வழியாக மேலேறுகிறது, முட்டை எவ்வழியாகக் கீழிறங்குகிறது, அதற்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்பதையெல்லாம் அறிந்த ஒருவர் 'வாரத்துக்கு ஒரு முறை' என்று எழுதியிருக்கமாட்டார்.

உண்ணி பூச்சியல்ல என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம். எட்டுக் கால்களுடைய அது சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. முட்டையிலிருந்து வெளிவரும் முதற்பருவத்தில் மட்டும் ஆறு கால்களோடு திரிவதால் பலர் மயங்கிவிடுகின்றனர்.

இனப்பெருக்கத்தை அப்படி ஒரு வரியில் முடிக்க இயலாது. நான் வசிப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில். எதிர்வீட்டுப் பையன் கடந்த ஆண்டு ஒரு நாள் மாலை, தன் நாயின் காதுமடலிலிருந்து பிடுங்கிய உண்ணிகளை வெறும் ஜாம் போத்தலொன்றில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். "சேர், தாயும் குட்டியும் ஒண்டா ஒட்டிக்கொண்டு இருந்தது, பாருங்கோ" என்றான். போத்தலுக்குள் நன்கு ஊறிய அவரைக்கொட்டை அளவில், சாம்பல் நிறத்தில் ஊதிப்போன உண்ணி ஒன்றும், அதன் வயிற்றுப் பக்கத்தைக் கால்களால் இறுகப் பற்றியபடி, எள்ளைவிடச் சற்றே பெரிய, தட்டையான செம்பழுப்பு உண்ணி ஒன்றும் இருந்தன. "தம்பி, அது குட்டியில்லை, புருஷன்" என்று நான் சொன்னதும் அவன் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டான். நாய் வளர்க்கும் வீடுகளில் அநேகமாக எல்லோரும் சொல்வது இந்தத் 'தாயும் குட்டியும்' கதையைத்தான். ஆண் உண்ணியின் முதுகு முழுவதையும் கடினமான கவசம் மூடியிருப்பதால் அது எவ்வளவு குடித்தாலும் பெரிதாக ஊத முடியாது. பெண்ணுக்கோ அந்தக் கவசம் தலைக்குப் பின்னே சிறு துண்டாக மட்டும் இருப்பதால், எஞ்சிய தோல் விரிந்து கொடுக்கிறது. ஆகவே ஒரே வயதுடைய இணையைப் பார்த்துத் தாயென்றும் பிள்ளையென்றும் எண்ணிக்கொள்கிறோம்.

நம் நாய்களில் பெரும்பாலும் காணப்படும் பழுப்பு நாய் உண்ணியான றிப்பிசெபலஸ் சங்குயினியஸ் இனத்தில், இந்த இணைசேர்க்கை நாயின் உடலில் வைத்தே, அதுவும் இரு பாலும் சில நாட்கள் குருதி குடித்த பின்னரே நிகழ்கிறது. இதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவேன். (ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் லைம் நோயைப் பரப்பும் இக்சோடெஸ் இன உண்ணிகள் இதற்கு விலக்கு, அவை விலங்கின் மேல் ஏறுவதற்கு முன்னரே புல்வெளியிற் கூட இணைந்துவிடக்கூடியவை.) குருதி குடிக்கத் தொடங்கிய பெண், 2,6-டைகுளோரோபீனோல் என்ற எளிய இரசாயனத்தை வெளிவிடுகிறது. உண்ணிகளில் பால்கவர்ச்சிப் பொருளாக இது முதன்முதலில் இனங்காணப்பட்டது 1972இல், அமெரிக்க உண்ணி இனமொன்றில். குருதி குடித்து முதிர்ந்த ஆண் அந்த வாசத்தை உணர்ந்ததும், தான் கடித்துக்கொண்டிருந்த இடத்தை விட்டு விலகி, பெண்ணைத் தேடிச் சென்று, முதுகிலேறி, பின்னர் அதன் அடிப்பக்கமாகத் திரும்பி நுழைகிறது.

இதற்குப் பின் நடப்பது தங்கள் கட்டுரையாளர் எழுதியதற்கு முற்றிலும் மாறானது. ஆண் உண்ணிக்கு விந்தைச் செலுத்தும் உறுப்பு என ஒன்று கிடையாது. பெண்ணின் பிறப்புத்துவாரம், கால்களின் அடிகளுக்கு நடுவே, வயிற்றின் முன்பகுதியில் சிறிய மடிப்பாக அமைந்திருக்கிறது. ஆண் தன் வாயுறுப்பின் கத்தி போன்ற இணையை அதற்குள் நுழைத்து, சில நேரம் அப்படியே இருக்கும். பெண் தன் இனத்தைச் சேர்ந்ததுதானா, ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்பதை அங்குள்ள இரசாயனங்களிலிருந்து அது சுவைத்தறிகிறது என்று சொல்வது மிகையாகாது. திருப்தி ஏற்பட்டதும் தன் பிறப்புத்துவாரத்திலிருந்து, நீண்ட கழுத்துள்ள சிறு குடுவை போன்ற விந்துப்பொதியை வெளிவிட்டு, அதை வாயுறுப்பால் பற்றி எடுத்து, குடுவையின் கழுத்தைப் பெண்ணின் துவாரத்தில் பொருத்துகிறது. பொதியின் உட்சுவர் வெளிப்புறமாகப் பிதுங்கிப் பெண்ணின் உடலுக்குள் பாய்ந்துவிட, வெறுங்குடுவை மட்டும் வெளியே ஒட்டியபடி எஞ்சிவிடும். அதே வாயால் கடிப்பதும் குடிப்பதும் கருக்கொள்ளச் செய்வதும் ஆகிய மூன்று தொழில்களையும் ஆற்றும் இத்தகைய விலங்கை நான் வகுப்பில் விளக்கும்போது, பின்வரிசை மாணவர்கள் கூட எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

விந்தணுவின் கதை இதைவிட வியப்பானது. பெண்ணின் உடலுக்குள் வந்துசேரும் போது அது இன்னும் முழுமையடையாத நிலையிலேயே இருக்கிறது. நாம் பாடப்புத்தகத்தில் படித்த விலங்குகளில் விந்தணு தன் உருவத்தைத் தந்தையின் உடலிலேயே பெற்றுவிடுகிறது. பெண்ணின் உடலுக்குள் நிகழ்வது சிறு இரசாயன மாற்றங்களே. உண்ணியிலோ, குழாய்க்குள் குழாய் செருகியது போன்ற, ஒரு முனையில் மூடியுள்ள, சுருட்டு வடிவான முதிரா உயிரணுவொன்றே ஆணிடமிருந்து பெண்ணுக்குக் கைமாறுகிறது. பெண்ணின் விந்துச் சேமிப்பறையை அடைந்த பின்னரே அந்த மூடி பிளக்கிறது. உள்ளே இருந்த குழாய் வெளியே தள்ளப்படுகிறது. உட்புறமாக இருந்த மேற்பரப்பு வெளிப்புறமாகிறது. உட்புறம் புரண்டு கிடக்கும் நீளக்கைச் சட்டையின் கையை, துவைத்துக் காயப்போடும் முன் இழுத்து நேராக்குவோமல்லவா, அதே வேலைதான். இந்தப் புரட்டலால் விந்தணுவின் நீளம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இதைத் தூண்டிவிடுவதும் ஆணின் துணைச் சுரப்பிகளில் உண்டாகி விந்தோடு சேர்ந்து வரும் ஒரு புரதப் பொருளே. ஆக, தந்தை கொடுத்தனுப்பிய சாவியால் தாயின் வீட்டில் வைத்துத் திறக்கப்படும் பெட்டி அது.

இவ்வாறு முதிர்ந்த விந்தணு எவ்வளவு பெரிது என்பதைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். மனித விந்தணு வாலோடு சேர்த்து ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்களவே. ஆபிரிக்காவின் ஒர்னிதோடோரஸ் மொபாட்டா என்ற மென்னுண்ணியின் (முதுகில் கடினமான கவசம் இல்லாத உண்ணிவகை) முதிர்ந்த விந்தணுவோ ஒரு மில்லிமீற்றரை எட்டுகிறது. நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கே ஒரு மயிரிழைத் துண்டாகத் தெரியக்கூடிய அளவு அது. இத்தனை நீளமிருந்தும் அதற்குச் சவுக்குமுளை, அதாவது சவுக்குப் போல் அசையும் வால், கிடையாது. பாலூட்டிகளின் விந்தணு வாலுக்குள் இருக்கும் அந்த நுண்குழாய்க் கட்டும் கிடையாது. கேம்பிரிட்ஜ் விலங்கியலாளரான றொத்சைல்ட் 1961இல் உண்ணி விந்தணுவின் அமைப்பையும் அசைவையும் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அதன் மேற்பரப்பில் நெடுக ஓடும் நுண்ணிய வரம்புகள் நெளிந்து அலையெழுப்ப, உடல் முழுவதும் வழுக்கியபடி முன்னேறுகிறது. நீந்துவது என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது. மழை விட்ட பின் மதிலில் ஊரும் அட்டையை நினைத்துக்கொள்வதே நன்று. தங்கள் இணைப்பில் வரையப்பட்டிருந்த வாலுள்ள விந்தணு மனிதனுடையது, அல்லது தவளையுடையது. உண்ணியுடையது அல்லவே அல்ல.

இனி அது செல்லும் பாதை. பிறப்புத்துவாரத்தையடுத்து யோனி, கடின உண்ணிகளில் (நம் நாய் உண்ணி போலக் கவசமுள்ளவற்றில்) யோனியோடு இணைந்தவாறு விந்துச் சேமிப்பறை, அங்கிருந்து சிறு இணைப்புக் குழாய் வழியாகக் கருப்பை, கருப்பையிலிருந்து இரு கிளைகளாகப் பிரியும் முட்டைக்கான்கள், அந்த இரு கான்களையும் மறுமுனையில் ஒன்றுசேர்ப்பதாக, குதிரை லாடம் போல் வளைந்த ஒற்றைச் சூலகம். மென்னுண்ணிகளில் அத்தகைய தனியான சேமிப்பறை இல்லை. கருப்பையே அந்த வேலையைச் செய்கிறது. சேமிப்பறையில் உருமாறிய விந்தணுக்கள் கருப்பை வழியாக மேலேறி, முட்டைக்கான்களினூடாகச் சூலகத்தை நோக்கி ஊர்கின்றன. கான்களின் சுவரில் உள்ள தசைகளும் சுருங்கி விரிந்து துணைசெய்கின்றன. உண்ணியின் உள்ளுறுப்புகளைத் தெளிவாக வெட்டி வரைந்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் நம் பக்கத்து நாட்டிலேயே பணியாற்றினார்: அன்றைய இந்திய அரசின் மருத்துவ சேவையிலிருந்த கிறிஸ்டோபர்ஸ், 1906இல் தம் ஆய்வை வெளியிட்டார். நூற்றாண்டுக்கு முன்னரே, இத்தனை அருகில் வரையப்பட்ட உறுப்புகளுக்குப் பதிலாக நாம் இன்றும் தவளையைப் படம்போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

விந்தோடு பெண்ணுக்குள் சேர்வது விந்தணு மட்டுமல்ல. கன்னி உண்ணி நாயின் உடலில் எத்தனை நாள் கடித்துக்கொண்டிருந்தாலும் ஓரளவுக்கு மேல் பருக்காது என்பது பலகாலமாக அறியப்பட்ட செய்தி. தென்னாபிரிக்கப் பகுதிகளில் கால்நடைகளைப் பற்றும் அம்பிலியோமா ஹெப்ரேயம் இனத்தை வைத்து, கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த கோஃப்மனும் வைஸ்சும் இதன் காரணத்தை 2004இல் வெளியிட்டனர். கன்னிப் பெண் தன் வெறும்வயிற்று நிறையைப் போல் பத்து மடங்கை அண்மித்ததும் தயங்கி நின்றுவிடுகிறது. இணைசேர்ந்த பெண்ணோ நூறு மடங்கு வரை குடித்துத் தள்ளுகிறது. அந்தத் தயக்கத்தை நீக்கிவிடும் இரு புரதங்கள் ஆணின் விதையில் (விந்தணு உண்டாகும் உறுப்பில்) உண்டாகி, விந்துப்பொதியோடு சேர்ந்து வருகின்றன. இணைசேராத பெண்களுக்கு அவற்றை ஊசி மூலம் ஏற்றியபோது, அவையும் இணைசேர்ந்தவை போலவே குடித்து ஊதின. அப்புரதங்களுக்கு வொராக்சின் எனப் பெயரிட்டனர். வேறு உண்ணி இனங்களில் செய்து பார்த்தபோது அதே அளவு விளைவு எல்லாவற்றிலும் கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் நமக்கு வேண்டிய பொருள் தெளிவு: நாயின் உடலில் சாம்பல் நிறத்தில் ஊதிப்போன உண்ணியைக் கண்டால், அது இணைசேர்ந்தாயிற்று என்றே கொள்ள வேண்டும். அந்த ஊதல் உணவின் அடையாளம் மட்டுமன்று, கருக்கொண்டதன் அடையாளமும்கூட.

அடுத்து முட்டை. மனிதப் பெண்ணின் சூலகத்தில் முட்டைகள் உள்ளே புதைந்திருந்து வளர்கின்றன. உண்ணியின் சூலகம் அதற்குத் தலைகீழானது. முட்டைகள் சூலகத்தின் வெளிப்புறத்தில், ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பில் தொங்கியபடி, உடற்குழியில் நிறைந்திருக்கும் நீருக்குள் நனைந்துகொண்டு வளர்கின்றன. திராட்சைக் குலையொன்றைக் கிண்ணத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தது போன்ற காட்சி. குருதியிலிருந்து குடலும் கொழுப்புத் திசுவும் ஆக்கிய ஊட்டப் புரதம் அந்த நீரில் கரைந்து வர, முட்டைகள் அதை உறிஞ்சிப் பருத்துப் பழுப்பாகின்றன. முதிர்ந்ததும் ஒவ்வொரு முட்டையும் தான் தொங்கிய காம்பினூடாகவே நெருக்கிக்கொண்டு சூலகத்தின் உட்குழிக்குள் நுழைகிறது. அதாவது வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பின்னர் முட்டைக்கான்கள் வழியாகக் கருப்பைக்கும் யோனிக்கும் இறங்குகிறது. விந்தணு மேலேறும் அதே ஒழுங்கையால்தான் முட்டை கீழிறங்குகிறது. வேறு வழி கிடையாது. ஏறுபவை மெல்லிய இழைகள். இறங்குபவை ஆயிரக்கணக்கான உருண்டைகள். ஆயினும் ஒன்றையொன்று தவறவிடுவது அரிது.

முட்டை அப்படி உடற்குழி நீரில் தொங்குவதால் வரும் கேடு ஒன்றுண்டு. நாயையோ மாட்டையோ கடித்தபோது உட்புகுந்த பபேசியா ஒட்டுண்ணிகள் அதே நீருக்குள் வந்து, வளரும் முட்டைகளுக்குள் நுழைந்துவிடுகின்றன. அமெரிக்காவின் தியோபோல்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாடுகளின் டெக்சாஸ் காய்ச்சலை ஆராய்ந்து 1893இல் வெளியிட்ட முடிவு இதுவே: நோயுள்ள மாட்டில் குடித்த தாய் உண்ணி ஒருபோதும் மற்றொரு மாட்டைக் கடிக்காமலேயே இறந்துபோகும், ஆனால் அதன் முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் நோயைக் கொண்டு செல்லும். முதுகெலும்பிகளின் நோயொன்றைக் கணுக்காலி ஒன்று பரப்புகிறது என்பதற்குக் கிடைத்த முதற்பெரும் சான்றுகளில் அதுவும் ஒன்று. கொழும்பில் நாய் வளர்ப்போர் 'டிக் பீவர்' என்று பொதுவாகச் சொல்வதற்குள் பபேசியாவும் அடங்கும், ஏர்லிக்கியா என்ற பற்றீரியாவும் அடங்கும். இரண்டாவது முட்டைவழியாகச் செல்வதில்லை. உண்ணி ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குத் தோலுரிக்கும்போது மட்டுமே உடன் செல்கிறது. மிருக வைத்தியர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்லை, கட்டுரைகளும் பேசக்கூடாது.

எதிர்வீட்டுப் பையன் கொண்டுவந்த அந்தப் பெரிய உண்ணியை நான் கொல்லவில்லை. ஆசிரியப் புத்தி விடவில்லை. போத்தலின் வாயில் பழைய சீலைத் துண்டொன்றை இரட்டையாகக் கட்டி, யன்னலோரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, இருவருமாகப் பூதக்கண்ணாடியால் தினமும் பார்த்தோம். நாலு நாட்கள் அது அசையாமல் கிடந்தது. என் மனைவி செத்துப்போயிற்று என்று தீர்ப்பளித்து, போத்தலைக் குப்பையில் போடச் சொன்னார். ஐந்தாம் நாள் காலை, அதன் தலைக்கு மேல் பளபளவென்று நாலைந்து மணிகள் ஒட்டியிருந்தன. அவை எப்படி அங்கே வந்தன என்பதுதான் பையனின் கேள்வி. பிறப்புத்துவாரம் வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது. முட்டைகளோ தலையின் மேற்புறத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

அன்று பிற்பகல் முழுவதும் காத்திருந்து அதைக் கண்ணாற் பார்த்தோம். உண்ணி தன் தலைப்பகுதியை மெதுவாகக் கீழே மடித்து, வாயுறுப்பைப் பிறப்புத்துவாரத்தருகே கொண்டுவந்தது. தலைக்கும் முதுகுக் கவசத்துக்கும் இடையேயுள்ள இடுக்கிலிருந்து, ஈரமாக மினுங்கும் சிறு பலூன் ஒன்று, இரு நுனிகளோடு, புடைத்து வெளியே வந்தது. அதே கணத்தில் கீழிருந்து யோனி வெளியே பிதுங்கி, ஒரு முட்டையை நீட்டியது. பலூன் அந்த முட்டையை வாங்கித் தடவி உருட்டிப் பின்வாங்கியது, யோனியும் உள்ளிழுத்துக்கொண்டது, தலை நிமிர்ந்தபோது முட்டை முதுகின் முன்னோரத்தில் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டது. சில நிமிடங்கள் ஓய்வு; மீண்டும் அதே செய்கை. பையன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேர், கையால வாங்கி எடுத்து வைக்கிற மாதிரியே இருக்கு" என்றான். நானும் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பலூனுக்குப் பெயர் ஜெனேயின் அங்கம். 19ஆம் நூற்றாண்டின் இத்தாலிய விலங்கியலாளர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. அதன் பணி என்னவென்பதை 1948இல் லீஸ், பீமென்ற் என்ற இருவர் தெளிவாக்கினர். முட்டை வெளிவரும் ஒவ்வொரு தடவையும் அது மெழுகுப் படலமொன்றைப் பூசிவிடுகிறது. அந்த அங்கம் தொடாமல் தடுக்கப்பட்ட முட்டைகள் விரைவில் நீரிழந்து சுருங்கிவிடுகின்றன. ஆக, முட்டையின் பயணம் பிறப்புத்துவாரத்தோடு முடிவதில்லை. தலைவரை சென்று மெழுகு பூசிக்கொண்ட பின்பே அது வெளியுலகில் பிழைக்கும் தகுதி பெறுகிறது. நம் வீடுகளின் சுவர் வெடிப்பிலும், யன்னற் சட்டத்தின் மேல்மூலையிலும், சூட்டில் உலர்ந்த காற்றிலும் அந்த முட்டைகள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிப்பது இந்த மெழுகால்தான்.

எத்தனை முட்டைகள் என்று எண்ணும் பொறுமை எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை. பழுப்பு நாய் உண்ணி 4,000 வரை இடக்கூடியது. குடித்து ஊதிய நிறையில் ஏறத்தாழப் பாதியை அது முட்டையாக மாற்றிவிடுகிறது. இரண்டு வாரம் கடந்ததும் அவரைக்கொட்டை காய்ந்த முந்திரிகைவற்றலாகச் சுருங்கி, முட்டைக் குவியலுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. கடின உண்ணிப் பெண்ணுக்கு வாழ்வில் ஒரே ஒரு முட்டையீடுதான். போத்தலைக் கொதிநீரில் அமிழ்த்திவிட்டே என் மனைவிக்கு முகங்கொடுத்தேன்.

இந்த இடத்தில் இரண்டு நம்பிக்கைகளைத் தொட்டுச் செல்கிறேன். ஊதிய உண்ணியைக் காலால் நசுக்கினால் முட்டைகள் சிதறிப் பெருகும் என்று பலரும் அஞ்சுகின்றனர். நாயிலிருந்து அப்போதுதான் கழன்ற உண்ணிக்குள் முதிர்ந்த முட்டைகள் இருப்பதில்லை. அவை முதிர இன்னும் பல நாட்கள் உண்டு. ஆயினும் நசுக்குவது தவறே, வேறு காரணத்தால்: சிதறும் குருதியில் உள்ள நோய்க்கிருமிகள் கைக் கீறல் வழியாக உட்புகலாம். மற்றது, காதுக்குள் புகுந்த உண்ணி அங்கே முட்டையிட்டு மூளைவரை போய்விடும் என்ற அச்சம். இலங்கையில் மனிதக் காதுகளிலிருந்து எடுக்கப்படும் உண்ணிகளில் பெரும்பாலானவை டெர்மசென்ரர் ஓராற்றஸ் என்ற காட்டினத்தின் இளம்பருவங்கள். இளம்பருவத்துக்குப் பிறப்புத்துவாரமே திறந்திருப்பதில்லை. முட்டையிடும் பேச்சுக்கே இடமில்லை. காதில் வலியும் புண்ணும் உண்டாகும் என்பதால் வைத்தியரிடம் போகவேண்டும் என்பது வேறு விடயம்.

ஆணே இல்லாமல் பெருகும் உண்ணியும் உண்டு என்று சிலர் எனக்குச் சுட்டிக்காட்டக்கூடும். உண்டு, கிழக்காசியாவைச் சேர்ந்த ஹேமபைசாலிஸ் லோங்கிகோர்னிஸ் இனத்தின் சில குழுக்கள் அத்தகையவை. 2017இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரு செம்மறியாட்டில் அது கண்டுபிடிக்கப்பட்டு, விரைவில் பல மாநிலங்களுக்குப் பரவியதற்கு இந்த இயல்பும் ஒரு காரணம். நம் வீட்டு நாயின் உண்ணி அப்படியல்ல. அதற்கு ஆண் வேண்டும். இணைசேர்வதற்கு முன்னர் குருதி வேண்டும். இணைசேர்ந்த பின்னர் மேலும் குருதி வேண்டும்.

இதனால்தான் 'வாரத்துக்கு ஒரு முறை' என்ற அறிவுரையை மறுக்கிறேன். பெண் உண்ணி நாயில் ஏறியது முதல் நிறைவாகக் குடித்துக் கழல்வது வரை ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டிய பின், திங்கட்கிழமை ஏறிய ஒரு மெல்லிய பெண் உண்ணி, அடுத்த ஞாயிறு வருவதற்குள் ஆணைப் பெற்று, விந்தை உள்வாங்கி, நூறு மடங்கு ஊதிக் கழன்று, மேசைக்கடியிலோ திரைச்சீலை மடிப்பிலோ சென்று மறைந்துவிட முடியும். பிடுங்கியவற்றை 'எறிந்தால் போதும்' என்பது அதைவிட மோசம். கழன்ற ஊதிய உண்ணிக்கு இனி நாய் தேவையில்லை, குப்பைத்தொட்டியே போதும், ஐந்தாறு நாளில் அங்கேயே முட்டையிடத் தொடங்கிவிடும். மாறாக, நாள்தோறும், முடியாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காதுமடல், கழுத்துப் பட்டியின் கீழ், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, தட்டையாக இருக்கும்போதே இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து இழுத்தெடுத்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிற் ஊற்றிய சிறு போத்தலில் போட்டு மூடிவிட்டால், விந்துப்பொதி கைமாறும் கட்டத்தை எந்தப் பெண்ணும் எட்டாது. ஆணையும் விட்டுவைக்கக்கூடாது, 'குட்டிதானே' என்று இரங்கி விடப்படும் அந்தச் சிறு உண்ணி, பல நாட்கள் நாயிலேயே தங்கி, பெண் மாற்றிப் பெண்ணாக இணைந்துகொண்டேயிருக்கும். மிருக வைத்தியர் தரும் மாத்திரைகளோ தோளில் இடும் துளிகளோ பயன்படுத்துவோர் அவர் சொன்ன தவணையைத் தவறவிடாதிருப்பதும் இதே கணக்கில்தான் அடங்கும். கடித்தவுடன் கொல்லும் மருந்துக்கு முட்டையைத் தேடி அலைய வேண்டிய தேவை வருவதில்லை.

தமிழில் அறிவியல் எழுதுவோர் மீது எனக்குள்ள மனக்குறையை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. விந்து, கரு, யோனி போன்ற சொற்களைக் கண்டவுடன் கூச்சப்பட்டு, விலங்குகளின் இனப்பெருக்கத்தை இரண்டு வரியில் மூடிமறைத்து, மனிதப் படமொன்றை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நம் நாட்டுப் பாடநூல்கள் சூலகம், விதை, சவுக்குமுளை என்று நல்ல சொற்களை எப்போதோ தந்துவிட்டன. விந்துப்பொதி என்ற சொல்லைப் படித்து எந்தப் பெற்றோரும் என்னிடம் முறையிட்டதில்லை.

திருத்தக் குறிப்பை வெளியிடுவதாயின் உதவியாக இருக்குமென்று, உண்ணியின் விந்தணு புரண்டு நீளும் மூன்று நிலைகளையும், சூலகத்தின் வெளியே தொங்கும் முட்டைகளையும் கைப்பட வரைந்து இத்துடன் இணைத்துள்ளேன். என் கை இப்போது சற்று நடுங்குவதால் கோடுகள் நேராக இல்லை; தங்கள் ஓவியர் அவற்றைச் செம்மைப்படுத்தி வரைவதில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாம் நிலையில் விந்தணுவின் ஒரு முனை மற்றதைவிடத் தடித்திருப்பதைக் கண்டு, மறுமுனையை வால் என எண்ணி நீட்டிவிட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.